எம்.எல்.ஏ. வீட்டுக்காரர்

என் மனைவி ஐந்து ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தாள். அந்த ஐந்து ஆண்டுகளும் நான் சிதம்பரம் ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். அவள் பதவிக்கு வந்த சில மாதங்களில் ஒரு பெரியவர் கவுண்ட்டர் துவாரத்தின் வழியாக ஒரு தாளை நீட்டினார். முன்பதிவுப் படிவம் என்று நினைத்து வாங்கி, எந்த வண்டி, எந்தத் தேதி என்று தேடினேன். முதியோர் பென்ஷன் கேட்டு எழுதிய மனு அது. அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. "வீட்ல அம்மாவப் பாக்க முடியலங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். வீட்டிலேயே கொடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். நகரும்போது அடுத்து நின்றவரிடம், "பெரிய எடம். கைல வாங்க மாட்டாங்க" என்று அவர் சொன்னது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். அவள் எனக்கு மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் அப்பாக்கள் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். படித்து மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆட்கள் நாங்கள். எனக்கு ரயில்வே கிடைத்தது. அவள் சட்டம் படித்துவிட்டு சிதம்பரம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டாள். ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக வேலூர் வரைக்கும் போய் வந்தோம். ஒரு கட்டத்தில் போவதை நிறுத்தினோம். நிறுத்துவது என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அடுத்த முறை போக வேண்டிய நாள் வந்தது, இருவருமே வேலைக்குப் போய்விட்டோம்.

இரவு சாப்பிடும்போது அவள் கோர்ட்டில் நடந்ததைச் சொல்வாள். நீதிபதி எப்படி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், எதிர்தரப்பு வக்கீல் எந்தப் பொய்யில் மாட்டிக்கொண்டார் என்று நடித்தே காட்டுவாள். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கவுண்ட்டரில் நாள் முழுக்க எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கத் தோன்றாது. அவள் பேசுவாள், நான் கேட்பேன். அதுதான் குடும்பம் என்று நினைத்திருந்தேன்.

2004 டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடல் கரையேறி வந்தது. சிதம்பரம் ஊருக்குள் தண்ணீர் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் பாலும் பழைய புடவைகளும் எடுத்துக்கொண்டு ஒரு மண்டபத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வக்கீல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் நிவாரணம் கிடையாது, விதி அப்படி. உடல் கிடைக்காவிட்டால், இறந்துவிட்டார் என்று வீட்டார் எழுதிக் கொடுத்து மனுப் போட வேண்டும். "செத்துட்டாருன்னு என் கையாலயே எப்பிடிம்மா எழுதிக் குடுக்கறது" என்று அந்தப் பெண் கேட்டாளாம். என் மனைவி அன்று இதை என்னிடம் சொன்னபோது நடித்துக் காட்டவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள்.

அதன் பிறகு கோர்ட்டு முடிந்ததும் கிள்ளைப் பக்கமோ பரங்கிப்பேட்டைப் பக்கமோ பஸ் ஏறிவிடுவாள். உடல் கிடைக்காதவர்களின் வீடுகளாகத் தேடிப் போனாள். மனு எழுதினாள். பெண்களைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போய் அதிகாரிகள் முன்னால் நின்று பேசினாள். எங்கள் சேரியில் பிறந்த ஒருத்தி மீனவர் குப்பத்தில் போய் உட்கார்ந்து அவர்கள் வீட்டுக் காரியம் பார்ப்பது அந்தப் பக்கத்துக்குப் புதிது. முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள், பிறகு அவள் வரவில்லை என்றால் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பத்திரிகையில் ஒரு முறை படம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. வந்து சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே அவளுக்குக் கண் சொக்கும்.

2006 தேர்தலுக்கு முன்னால் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் தனித் தொகுதி ஒன்று, அதற்குப் படித்த ஆள் தேடுகிறார்கள், பெண்ணாக இருந்தால் நல்லது என்றார்கள். தொகுதியின் பெயரையும் கட்சியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அதனால் ஒன்றும் குறையாது. அவர்களை அழைத்து வந்தது அவளுடைய அண்ணன், என் மச்சான். அவனுக்குத்தான் எல்லாரையும் விட சந்தோஷம்.

அவர்கள் போன பிறகு அவள் சமையலறை வாசலில் நின்று, "என்னா மாமா சொல்ற?" என்று கேட்டாள். உனக்கு ஆசையாக இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா வேணாம்னு சொல்ல வாய் வரல."

"அப்ப நில்லு" என்றேன்.

பிரச்சாரத்தில் நான் கூடப் போகவில்லை. அரசு வேலையில் இருப்பவன் போகவும் கூடாது. ஆனால் ஒரு சாயங்காலம், அவள் தொகுதிக் கடைத்தெரு ஒன்றில் டீக்கடையில் நின்றேன். எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் பேசியவர், "பெத்து வளக்கத் தெரியாதவ தொகுதிய எப்பிடி வளப்பா" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார், நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து. கிளாசை வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அவளுக்கும் செய்தி போயிருந்தது. நீயும் கேட்டாயா என்றாள். கேட்டேன் என்றேன். என்ன செய்தாய் என்றாள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். நாளைக்கு அதே இடத்தில் நான் பேசுகிறேன், நீ வராதே என்றாள். போகவில்லை. மச்சான்தான் வந்து சொன்னான். அரை மணி நேரம் குடிநீர், ரோடு, ரேஷன் கடை என்று பேசிவிட்டு, கடைசியில் குரலை உயர்த்தாமல், "எனக்குப் புள்ள இல்ல, வாஸ்தவம்தான். சொத்து சேத்து வைக்கவும் எனக்கு ஆள் இல்லன்னு எழுதிக்குங்க" என்றாளாம். கூட்டம் கைதட்டி அடங்கவே நேரமானதாம்.

கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மீதி நாட்களில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள், பிள்ளைகுட்டி இல்லாத வேட்பாளர், சொத்து சேர்க்கத் தேவையில்லாத வேட்பாளர் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயின. ஒருநாள் அப்படி ஒரு ஆட்டோ ரயிலடியைத் தாண்டிப் போனது. நான் கும்பகோணத்துக்கு நான்கு பேர் என்று தட்டிக்கொண்டிருந்தேன். வேலூரில் மருத்துவரிடம் கூட நாங்கள் தணிந்த குரலில் பேசிய விஷயம், மைக்கில் என் ஜன்னலைக் கடந்து போனது. டிக்கெட் வாங்கியவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

வாக்கு எண்ணிக்கை கடலூரில் ஒரு கல்லூரியில் நடந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். கொளுத்தும் வெயில், உள்ளே விட அனுமதிச் சீட்டு வேண்டும், என்னிடம் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மத்தியானத்துக்கு மேல் பட்டாசு வெடித்தது. அவள் வெளியே வந்தபோது கழுத்து தெரியாமல் மாலை. முகம் மட்டும் தெரிந்தது, யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் என் நெஞ்சில் கை வைத்து, "யாருங்க நீங்க, தள்ளி நில்லுங்க" என்றார். சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அதற்குள் அவளை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

சிதம்பரத்துக்கு பஸ்ஸில் திரும்பினேன். முன் சீட்டில் இரண்டு பேர் தேர்தலைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "பொம்பளதான், ஆனா வக்கீலாச்சே" என்றார் ஒருவர். "அது என்னா வக்கீலு, எல்லாத்தையும் புருஷன்காரன் பாத்துப்பான்" என்றார் மற்றவர். புதுச்சத்திரம் வந்ததும் அவர் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அவள் வந்து சேர்வதற்குள் சாதம் ஆறிப்போயிருந்தது, கூட வந்தவர்கள் அவளுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாளிலிருந்து வீடு எங்களுடையதாக இல்லை. விடிவதற்குள் வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். கூடத்தில் கட்சிக்காரர்கள், வராந்தாவில் மனுக்காரர்கள், சமையலறையில் டீ போடுவதற்கு ஒரு அம்மாள். குளித்துவிட்டுத் துண்டைக் காயப் போடக் கொடி தேடினால், கொடியில் யாருடைய சட்டையோ தொங்கும். என்னை யாரும் அவமரியாதை செய்யவில்லை. எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். நான் தாண்டிப் போகும் வரை பேச்சை நிறுத்துவார்கள். அதனால்தான் நான் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

வேலையிடத்திலும் அந்த வருஷக் கடைசியில் மாற்றம் வந்தது. அகலப் பாதை போடுவதற்காக எங்கள் தடத்தில் ரயில்களை நிறுத்தினார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலானவர்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். முன்பதிவு கவுண்ட்டர் மட்டும் திறந்திருந்தது. சென்னையிலோ விழுப்புரத்திலோ போய் ரயிலேறுகிறவர்கள் இங்கே வந்து டிக்கெட் எடுப்பார்கள். வண்டி வராத ஸ்டேஷனில் உட்கார்ந்து வேறு ஸ்டேஷன்களின் வண்டிகளுக்கு டிக்கெட் கொடுத்தேன். மத்தியானத்தில் பிளாட்பாரத்தில் ஆடுகள் படுத்திருக்கும். டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது, தயிர்சாதத்தை நான் மெல்லும் சத்தம் எனக்கே கேட்கும்.

சட்டமன்றக் கூட்டம் நடக்கும்போது அவள் சென்னையில் இருப்பாள். மத்தியானம் ஒரு முறை போன் வரும். ஆரம்பத்தில் யார் என்ன பேசினார்கள் என்று கொஞ்சம் சொல்வாள். பிறகு சாப்பிட்டாயா என்பதில் வந்து நின்றது. சாப்பிட்டேன் என்பேன். பின்னால் யாராவது அவளைக் கூப்பிடுவார்கள். "சரி மாமா, வெச்சிடறேன்" என்பாள்.

மச்சான் ஒருநாள் பண்ருட்டியிலிருந்து ஒரு காண்டிராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். காரின் டிக்கியில் இரண்டு பலாப்பழமும் ஒரு மூட்டை முந்திரிப் பருப்பும் இருந்தன. அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். ஒரு ரோட்டு வேலை விஷயமாக நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதவியேற்ற வாரத்திலேயே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள், யார் வந்து எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு மாமா, உன் பெயர் கெட்டால் என்னால் தாங்க முடியாது என்று. அதனால் எனக்குத் தெரியாது என்றேன். காண்டிராக்டர் சிரித்துக்கொண்டே காரில் போய் உட்கார்ந்தார். பலாப்பழத்தை இறக்க விடவில்லை.

மச்சான் வாசலில் நின்றுகொண்டான். "எல்லா ஊர்லயும் பொம்பள பதவின்னா புருஷன்தான் பாக்கறான். நீ மட்டும் டிக்கெட்டு குடுத்துகிட்டு உக்காந்திருக்க. அவ உன்ன ஒரு ஆளா வெச்சிருக்காளா மச்சான்? எனக்காக இல்ல, உனக்காகத்தான் சொல்றேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்காகவும் கொஞ்சம் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பொங்கலுக்குத் தங்கச்சிக்குக் கொண்டு வருகிற சீர் அந்த வருஷம் வரவில்லை. அவள் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். நல்லது செய்தாய் என்றாள். பிறகு உள்ளே போய், பொங்கல் பானையை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் அவளுக்கு அண்ணன் ஒருவன்தான்.

அவள் சட்டசபையில் பேசுவதைப் பார்க்க ஒரே ஒரு முறை சென்னைக்குப் போனேன். அவள் பதவிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கருவாட்டுக் குழம்பு வைத்து, மூடியைத் துணியால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அப்படியும் பஸ்ஸில் கொஞ்சம் சிந்தி, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து பார்த்தால் அவள் வகிடு மட்டும் தெரிந்தது. அதில் நரை ஏறியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அவள் முறை வந்தபோது உறுப்பினர்கள் பாதிப் பேர் வெளியே போயிருந்தார்கள். கடலோரத்தில் ஒரு ஊர், நடுவில் உப்பனாறு, பிள்ளைகள் படகில் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஒரு பாலம் வேண்டும் என்று பேசினாள். கோர்ட்டில் பேசுகிற அதே குரல். மணி அடித்தது. இன்னொரு வாக்கியம் என்று கேட்டாள். மறுபடி மணி அடித்தது. உட்கார்ந்தாள். தன் காகிதங்களை அடுக்கினாள், திரும்பவும் கலைத்து அடுக்கினாள். பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன.

அன்றைக்கு அவளுடைய விடுதி அறையில், குழம்பை ஊற்றிப் பிசைந்து விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டாள். நன்றாகப் பேசினாய் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கை கழுவாமல் காயக் காய உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருஷமா ஊர் ஊரா போறேன் மாமா. பெரிய வீட்டுக்காரங்க எல்லாரும் தெருவுலயே நிக்க வெச்சி மாலை போடறாங்க. சேர் கொண்டாந்து வாசல்லயே போடறாங்க. ஆரத்தி கூட எடுக்கறாங்க. உள்ள வாங்கன்னு ஒருத்தர் வாயிலயும் வரல."

ஓட்டு மட்டும் போட்டார்களே என்றேன்.

"அது பொட்டிக்குள்ள போட்டது" என்றாள்.

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் பிடித்துக் கொண்டு வந்து கொடுத்தேன். கட்சிக்காரர்களிடம் அவளால் இதைச் சொல்ல முடியாது, மேடையில் சொல்ல முடியாது, அண்ணனும் வருவதில்லை. மறுநாள் காலை வெள்ளைப் புடவையைக் கஞ்சி மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் எதிரில் வந்த எல்லாருக்கும் சிரித்து வணக்கம் சொன்னபடியே என்னை பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பினாள்.

பாலம் வந்தது. அடுத்த வருஷமே வேலை ஆரம்பித்து முடித்தார்கள். சின்னப் பாலம்தான். அதைத் திறந்த அன்று அவளோடு நான் போகவில்லை, எனக்கு டூட்டி.

2010இல் எங்கள் தடத்தில் மறுபடியும் ரயில் ஓட ஆரம்பித்தது. ஸ்டேஷனுக்கு வெள்ளை அடித்து, வாழை மரம் கட்டி, பிளாட்பாரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்து உறுப்பினர்கள் எல்லாரும் வந்தார்கள், அவளும் வந்தாள். ஜனம் சொல்ல முடியாத கூட்டம். நான் கவுண்ட்டரில் இருந்தேன். விழா முடிந்து அவள் வெளியே போகும்போது வழி நெடுக இருபுறமும் நின்றவர்களுக்குக் கை கூப்பிக்கொண்டே வந்தாள். என் கண்ணாடிக்கு நேராக வந்தபோது, உள்ளே ஒரு முகம் தெரிந்ததும், அந்தச் சிரிப்போடு எனக்கும் கை கூப்பிவிட்டு ஓரடி தாண்டிவிட்டாள். பிறகு நின்று திரும்பிப் பார்த்தாள். கூப்பிய கை அப்படியே இருந்தது. நானும் ஏனோ கையைக் கூப்பினேன். பின்னால் வந்தவர்கள் அவளை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள்.

2011 தேர்தலுக்கு அவள் தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. கூடத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்து டி.வி.யில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அன்று நானும் இருந்தேன். தொகுதிப் பெயர் வேறொரு கட்சிக்கு நேராக வந்தது. ஒருவர், தப்பாகப் போட்டிருப்பார்கள் என்றார். அவள் எழுந்து எல்லாருக்கும் டீ போடச் சொன்னாள். டீ வருவதற்குள் சிலர் போன் பேச வெளியே போனார்கள். போனவர்கள் உள்ளே வரவில்லை. தட்டில் டீ மிஞ்சியது.

அடுத்த சில நாட்கள் சிலர் வந்துபோனார்கள். பிறகு ஒரு காலையில் நான் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு செருப்பும் இல்லை. அவள் வழக்கம் போல விடியுமுன் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "மாமா, இன்னிக்கு லீவு போடேன்" என்றாள்.

போட்டேன். கல்யாணம் ஆன புதிதில் கூட இப்படி நாள் முழுக்க இருவரும் வீட்டில் இருந்ததில்லை. அவள் சமைக்கிறேன் என்று உள்ளே போனாள். உப்பு எங்கே, கடுகு எங்கே என்று கூப்பிட்டுக் கேட்டாள். அஞ்சறைப் பெட்டியை நான் என் கைக்கு வசதியாக மாற்றி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தோம். அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். நான் ஏதாவது கேட்பேன் என்று அவளும் காத்திருந்திருக்க வேண்டும். ரசம் நன்றாக இருக்கிறது என்றேன். புளி ஜாஸ்தி என்றாள். சாயங்காலம் வரை டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

கோடை விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்ததும் மறுபடி கறுப்புக் கோட்டை எடுத்தாள். அவளிடம் ஜூனியராக இருந்த பையன் தனி ஆபீஸ் போட்டு நன்றாக வந்துவிட்டான். மரியாதையாகத்தான் எழுந்து நிற்கிறான், ஆனால் கேஸ் எல்லாம் அவனிடம் போகிறது என்றாள். முன்னாள் எம்.எல்.ஏ.விடம் போனால் ஆளுங்கட்சிக்குப் பிடிக்காது என்று சிலருக்குப் பயம். பெரிய ஆளாயிற்றே, பீஸ் எக்கச்சக்கமாகக் கேட்பார் என்று சிலருக்குப் பயம். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. கடலூர் பக்கம் கரையேறி பண்ருட்டி வரைக்கும் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. எங்கள் தெருவில் மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. காற்று நின்ற மறுநாளே அவள் பையில் ஒரு குடையும் எழுதுகிற அட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கட்சிக்காரர்கள் இல்லை, ஜீப் இல்லை. கிடைத்த பஸ்ஸில் போய், பஸ் போகாத இடத்தில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்து போனாள். முப்பது நாற்பது வருஷத்துப் பலா மரம் விழுந்தவருக்கு என்ன கணக்கு, குத்தகைத் தோப்பு வைத்திருந்தவருக்கு நிவாரணம் உண்டா, குடிசை போனவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று அதே வேலை. புது உறுப்பினரின் ஆட்கள் ஒரு ஊரில் அவளை வழிமறித்து, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்களாம். வக்கீல் வேலை என்றாளாம்.

தை மாதத்துக்குள் அவளுக்குக் கேஸ் சேர்ந்துவிட்டது. எல்லாம் கடலூர் மாவட்டக் கோர்ட்டுக் கேஸ், காசில்லாத கேஸ். தினமும் போய்வர முடியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை பார்த்தாள். கடலூருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன். அந்த வார்த்தையைச் சில நாட்களாகவே வாயில் வைத்திருந்தேன்.

"வேணாம் மாமா. நீ இங்கயே இரு. நான் ஞாயித்துக்கிழம வந்துர்றேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தனியாக இருந்து பழகிவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்ததை மறைப்பதற்கில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தமாக இருந்தது.

2012 மாசியில் ஒரு சனிக்கிழமை, அறையைச் சரிசெய்து கொடுக்கக் கூடவே போனேன். சட்டப் புத்தகங்களுக்குப் பலகை அடித்தேன், பல்பு மாற்றினேன், தண்ணீர்க் குடத்துக்குச் சுவர் ஓரமாக இடம் பண்ணினேன். மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். ஹோட்டலில் வாங்கி வந்த சாப்பாட்டை இருவரும் மேஜையிலேயே பிரித்துச் சாப்பிட்டோம். சாயங்கால வண்டிக்கு நான் கிளம்பியபோது, ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்றிரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு பார்த்தார்கள், கிட்டே வரவில்லை. வண்டி வரும் அறிவிப்பு வந்தபோது அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அஞ்சு வருஷம் மாமா. நான் எத்தினி நாள் நேரங்கழிச்சி வந்திருப்பேன். ஏன் லேட்டுன்னு நீ ஒருநாள் கூடக் கேக்கல."

"கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு இருந்துட்டேன்."

"கேக்காததும் கஷ்டமாத்தான் இருந்துச்சி" என்றாள்.

வண்டி வந்துவிட்டது. அதிக நேரம் நிற்காது. ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துணியை ஊற வைத்துவிட்டு மறந்துவிடாதே என்றாள். சரி என்றேன். வண்டி நகர்ந்ததும் கம்பியை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். கையசைக்கவில்லை, கும்பிடவும் இல்லை. பிளாட்பாரம் முடியும் வரை நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. பெட்டியில் கூட்டம் இல்லை. அந்த மாடி அறையில் பாத்திரம் கழுவ இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றும் பார்க்கவில்லை. உனக்குப் பயமாக இல்லையா, சட்டசபையில் அந்த இன்னொரு வாக்கியம் என்னவாக இருந்தது, பாலம் திறந்த அன்று பிள்ளைகள் நடந்து போனார்களா, ஓடிப் போனார்களா என்று கேட்பதற்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். ஒருமுறை முழுதாக அடித்து நின்றது. யாராவது கேஸ்காரர் வந்திருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம், தூங்கியும் இருக்கலாம். கிள்ளை வந்தது. அதற்கடுத்து சிதம்பரம். இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.